மின்சாரம், சீமெந்து, காணி: துறைவாரிக் காலநிலை அளவுகோல்களை வாசிப்பது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர் கிழக்கில் இருக்கும் சம்பூரின் கடந்த இருபது வருடக் கதையை மின்சாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சுக்கும் எறிகணை வீச்சுக்கும் தப்பி அங்கிருந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அந்த மக்கள் இன்னும் அகதி முகாம்களில் இருந்தபோதே, அதே வருடம் டிசெம்பரில், திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்றை அமைக்க இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதற்கான இடம் சம்பூர் என்று பின்னர் முடிவானது. 2007இல் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் காணி 2015இல்தான் விடுவிக்கப்பட்டது. கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் இருந்த குடும்பங்கள் ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பின. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்போவதில்லை என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நிலக்கரிக்கென ஒதுக்கிய அதே நிலத்தில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான பணிகளை 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் தொடக்கி வைத்தார்கள்.

காலநிலைக் கணக்கில் இது பெரிய முன்னேற்றம். நிலக்கரி போய்ச் சூரிய ஒளி வந்திருக்கிறது. காணிக் கணக்கில் பார்த்தால், ஊர்க்காரர் இல்லாத நேரத்தில் எடுத்த ஒரு முடிவின் எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு கணக்குகளையும் வேறு வேறாகப் பார்க்கப் பழகுவது, திட்டங்கள் வந்து இறங்கும் வடக்கு, கிழக்கு மக்களுக்கு அவசியம். முதலாவது கணக்குக்கு உலகில் இன்று ஒரு கருவி உண்டு. அதன் பெயர் துறைவாரி அளவுகோல். அது எப்படி உருவாகிறது, எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

உலக இலக்கிலிருந்து துறை இலக்குக்கு

2015 டிசெம்பரில் பரிஸில் நாடுகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கைத்தொழில் யுகத்துக்கு முந்திய நிலையோடு ஒப்பிடும்போது பூமியின் சராசரி வெப்பநிலை உயர்வை 2 பாகை செல்சியஸுக்கு நன்கு கீழே வைத்திருப்பது, 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வது என்பதே அது. இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதி செய்தது.

1.5 பாகை என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மின்சார சபையோ சீமெந்துத் தொழிற்சாலையோ எந்த முடிவையும் எடுக்க முடியாது. அந்த எண்ணை அவர்களுடைய வேலைக்குரிய எண்ணாக மாற்ற வேண்டும். அதற்கு மூன்று படிகள் உள்ளன.

முதற்படி காபன் வரவு செலவு. 1.5 பாகையைத் தாண்டாமல் இருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2020 தொடக்கத்திலிருந்து மொத்த உலகமும் இன்னும் சுமார் 500 பில்லியன் தொன் காபனீரொட்சைட்டையே வெளியிடலாம் என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் கணக்கிட்டது. உலகம் வருடமொன்றுக்கு வெளியிடுவது ஏறத்தாழ 40 பில்லியன் தொன். இந்த வேகத்தில் போனால் 12, 13 வருடங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதில் கணிசமான பகுதி ஏற்கனவே செலவாகிவிட்டது.

இரண்டாவது படி, அந்தக் கையிருப்பைத் துறைகளுக்குப் பிரிப்பது. மின்சாரம், போக்குவரத்து, கைத்தொழில், கட்டடங்கள், விவசாயம் என எந்தத் துறை எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம் என்பதைக் கணினி மாதிரிகள் கணக்கிடுகின்றன. எல்லாத் துறைக்கும் ஒரே வேகம் சாத்தியமில்லை. மின்சாரத்துக்குக் காற்றும் சூரியனும் மலிவான மாற்றாகக் கிடைக்கின்றன. சீமெந்துக்கும் உருக்குக்கும் அவ்வளவு எளிய மாற்று இல்லை. ஆகவே மின்சாரம் முதலில் ஓட வேண்டும், மற்றவை பின்னால் வரலாம் என்பதே எல்லா மாதிரிகளும் தரும் பொதுவான விடை. சர்வதேச எரிசக்தி முகவரகம் 2021 மே மாதம் வெளியிட்ட திட்ட வரைபடம், செல்வந்த நாடுகளின் மின்சாரம் 2035இலும் முழு உலகத்தின் மின்சாரம் 2040இலும் நிகர பூச்சிய வெளியீட்டை அடைய வேண்டும் என்கிறது.

மூன்றாவது படி, ஒவ்வொரு துறைக்கும் அளக்கக்கூடிய ஒரு குறியீட்டைத் தேர்ந்து, வருடம் குறித்து எண் வைப்பது. 'கிளைமேட் அக்‌ஷன் ட்ராக்கர்' என்ற சுயாதீன ஆய்வுக் குழு 2020இல் இப்படியான அளவுகோல்களை வெளியிட்டது. பிரேசில், சீனா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, அமெரிக்கா ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்களும் உலகத்துக்குப் பொது எண்களும் அதில் இருந்தன. இலங்கைக்குத் தனி எண் இல்லை. நமது நிலைமையை உலக எண்களோடு வைத்தே பார்க்க வேண்டியுள்ளது.

மூன்று வகை அளவீடு

'வெளியீட்டை இவ்வளவு குறைப்போம்' என்ற வாக்குறுதியைக் கேட்டவுடன், எந்த வகை அளவீட்டில் அது சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, மொத்த அளவு. வருடத்துக்கு எத்தனை தொன் என்பது. வளிமண்டலம் உணர்வது இதைத்தான்.

இரண்டு, செறிவு. ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை கிராம், ஒரு தொன் சீமெந்துக்கு எத்தனை கிலோ என்பது. உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் உற்பத்தி முறை எவ்வளவு சுத்தமானது என்பதை இது காட்டும்.

மூன்று, பங்கு. மின்சாரத்தில் எத்தனை சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வருகிறது, விற்கும் கார்களில் எத்தனை சதவீதம் மின்சாரக் கார்கள் என்பன.

இவற்றோடு நான்காவதாக ஒரு சொற்பிரயோகமும் உண்டு: 'வழமைபோல் போனால் வெளியிடக்கூடிய அளவோடு ஒப்பிடும்போது குறைப்பு'. 2021இல் இலங்கை ஐக்கிய நாடுகளுக்குக் கொடுத்த வாக்குறுதி இந்த வகை. 2030க்குள் 14.5 சதவீதக் குறைப்பு என்றது அது. அதில் 4 சதவீதம் நம் சொந்தச் செலவில், 10.5 சதவீதம் வெளியுதவி கிடைத்தால். ஒப்பிடப்படுவது ஓர் எதிர்கால ஊகத்தோடு என்பதால், ஊகம் பெரிதாக இருந்தால் குறைப்பும் பெரிதாகத் தெரியும். துறைவாரி அளவுகோலின் பயன் இங்கேதான். ஒரு கிலோவாட் மணித்தியாலத்துக்கு இத்தனை கிராம் என்று சொல்லிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

மின்சாரம்: ஒரு வீட்டுக் கணக்கு

உலக மின்சாரத்துக்கு 2030ஆம் ஆண்டுக்குரிய அளவுகோல், ஓர் அலகுக்கு 50 முதல் 125 கிராம் காபனீரொட்சைட்டு. 2040இல் அது 5 முதல் 25 கிராம். மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியின் பங்கு 2030இல் 55 முதல் 90 சதவீதமாகவும், நிலக்கரியின் பங்கு 2.5 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

மாதம் 90 அலகு பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 125 கிராம் கணக்கில் அந்த வீட்டு மின்சாரத்துக்காக மாதம் சுமார் 11 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறலாம். 50 கிராம் கணக்கில் நாலரைக் கிலோ. புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலையில் இருக்கும் 900 மெகாவாட் நிலையமே நாட்டின் ஒரேயொரு நிலக்கரி மின் நிலையம். அண்மைய வருடங்களில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அதுவே தந்திருக்கிறது. நிலக்கரியில் பிறக்கும் ஓர் அலகுக்குச் சுமார் ஒரு கிலோ வெளியேறும். அப்படியானால் அந்த வீட்டின் 90 அலகில் 30 அலகு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதற்கு மட்டும் 30 கிலோ. அளவுகோலின் மேல் எல்லையைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம் இது. டீசலையும் உலை எண்ணெயையும் இன்னும் சேர்க்கவில்லை.

இலங்கை 2030க்கு வைத்திருக்கும் மின்சார இலக்கு, 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும் வாக்களித்திருக்கிறது. பங்கு என்ற அளவீட்டில் 70 சதவீதம் 55க்கும் 90க்கும் இடையில் வருகிறது. ஆகவே தேர்ச்சி. செறிவு என்ற அளவீட்டில் பார்த்தால் விடை மாறுகிறது. மிச்சமுள்ள 30 சதவீதமும் நிலக்கரியாக இருந்தால் சராசரி ஓர் அலகுக்கு 300 கிராம். அலகுக்குச் சுமார் 400 கிராம் வெளியிடும் இயற்கை வாயுவாக இருந்தால் 120 கிராம், மட்டுமட்டாகத் தேர்ச்சி. ஒரே இலக்கு ஓர் அளவீட்டில் தேறுகிறது, மற்றதில் தவறக்கூடும். அமைச்சர் ஒருவர் '70 சதவீதம்' என்று மேடையில் சொன்னால், மிச்சம் 30 எதிலிருந்து என்று கேட்பதே சரியான அடுத்த கேள்வி.

சீமெந்து: வீடு கட்டாமல் இருக்கச் சொல்கிறதா?

உமிழ்வைக் குறைக்கச் சொல்லும்போது, இன்னும் கல்வீடு கட்டி முடிக்காதவர்களுக்கு ஒரு பயம் வருவது நியாயம். போர் முடிந்த பிறகு இந்திய உதவித் திட்டத்தில் மட்டும் வடக்கு, கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. அதற்கப்பாலும் தேவை இருந்தது. சீமெந்தைக் குறைக்கச் சொன்னால் யாருடைய வீடு நிற்கும்?

இங்கே செறிவு அளவுகோல் பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கிறது. உலகில் ஒரு தொன் சீமெந்துக்குச் சராசரியாக 600 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. 50 கிலோ பை ஒன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். 2030க்குரிய அளவுகோல் ஒரு தொன்னுக்கு 360 முதல் 370 கிலோ; பை ஒன்றுக்குச் சுமார் 18 கிலோ. எத்தனை பை வாங்கலாம் என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு பையையும் எப்படித் தயாரிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. சுமை வீடு கட்டுபவர் மீது விழாமல் தொழிற்சாலை மீது விழுகிறது.

தொழிற்சாலைக்கு அது இலகுவான வேலையல்ல. சீமெந்தின் வெளியீட்டில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கிக் கிளிங்கர் ஆக்கும்போது கல்லுக்குள்ளிருந்தே காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் இது நடக்கும். ஆகவே கிளிங்கரின் பங்கைக் குறைத்து வேறு பொருட்களைக் கலப்பதே இப்போதுள்ள பிரதான வழி. அவற்றில் ஒன்று நிலக்கரி நிலையங்களின் பறக்கும் சாம்பல். நுரைச்சோலைச் சாம்பலும் இப்படிச் சீமெந்துக்குப் போகிறது. நிலக்கரி நிலையத்தை மூடினால் அந்தச் சாம்பலும் நின்றுவிடும். ஒரு துறையின் அளவுகோல் இன்னொரு துறையின் வழியை மாற்றிவிடுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

காங்கேசன்துறையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1950இல் தொடங்கி, 1990இல் போரோடு மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையைத் திறக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். நாளை அங்கே அளவுகோலுக்குள் அடங்கும் நவீன ஆலை ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். தொன்னுக்கு 360 கிலோ என்ற சோதனையில் அது தேறலாம். ஆனால் குடாநாடு குடிக்கும் நீரில் பெரும்பகுதி அதே சுண்ணாம்புப் பாறைக்குள்தான் தேங்கி நிற்கிறது. கல்லை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டினால் கிணறுகளில் உவர் ஏறும் என்ற கேள்வி அந்த அளவுகோலில் இல்லை. சுன்னாகத்தில் டீசல் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீர் பழுதானால் என்ன நடக்கும் என்பது வலிகாமத்தாருக்கு அனுபவப் பாடம்.

யார் முதலில் குறைப்பது?

இலங்கையின் பங்கு உலக வெளியீட்டில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. இலங்கையர் ஒருவர் வருடத்தில் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலக சராசரி நான்கு தொன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருடையது 14 தொன் அளவு. பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கை 1992ஆம் ஆண்டின் காலநிலைச் சாசனத்திலேயே உண்டு. ஆனால் துறைகளுக்குப் பிரிக்கும் கணினி மாதிரிகள் பெரும்பாலும் பார்ப்பது, எங்கே குறைத்தால் செலவு குறைவு என்பதை. யார் நூறு வருடங்களாகப் புகைவிட்டார்கள் என்பதை அவை பார்ப்பதில்லை. அதனால் அளவுகோல் எண்ணை ஏழை நாட்டுக்கு வைக்கும்போது, அந்தச் செலவை யார் தருவது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். இலங்கை தன் குறைப்பில் பெரும்பகுதியை வெளியுதவியோடு கட்டி வைத்திருப்பதன் நியாயம் இதுதான். 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாடு அது.

நாட்டுக்குள்ளேயும் இதே கேள்வி உண்டு. 1990இலிருந்து இருபது வருடங்களுக்கு மேலாக யாழ்ப்பாணம் தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே இருந்தது. மண்ணெண்ணெய்கூடத் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இன்று நடுத்தர வயதில் இருக்கிறது. கடந்த காலப் பாவனையை அடிப்படையாக வைத்து 'எல்லோரும் இத்தனை சதவீதம் குறையுங்கள்' என்றால், குறைவாகப் பாவிக்கத் தள்ளப்பட்டவர்களுக்கு அது இரண்டாவது தண்டனை. செறிவு அளவுகோல் அந்தத் தவறைச் செய்வதில்லை. மின்சாரம் சுத்தமாக வேண்டும் என்கிறதே தவிர, கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று குறைவாகப் பாவிக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

மன்னாரும் பூநகரியும்

நிலக்கரியை விட வேண்டுமானால் காற்றும் வெயிலும் அதிகமுள்ள இடங்களுக்குத்தான் திட்டங்கள் வரும். இலங்கையில் அந்த இடங்களில் பல, போர் நடந்த இடங்கள்.

மன்னார்த் தீவின் தென் கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் 'தம்பபவனி' நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. கேள்விப்பத்திரம் கோராமல் கொடுத்தது, அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை, பறவைகளின் வலசைப் பாதை என்று பல முனைகளில் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது.

எதிர்ப்பு அதோடு நிற்கவில்லை. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வந்தபோது மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அரசாங்கம் ஒரு மாதம் வேலையை நிறுத்தியது. செப்டெம்பரில் வேலை மீண்டும் தொடங்கியபோது, மறித்தவர்கள் மீது பொலிஸார் பலப்பிரயோகம் செய்தார்கள். அந்த மக்களில் பெரும்பாலானோர் காற்று மின்சாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டையான, தாழ்ந்த ஒரு தீவில் கோபுரங்களுக்காக மண் நிரப்பிப் போடும் வீதிகள் மழைநீர் ஓடும் வழிகளை அடைக்கின்றன, வெள்ளம் வீட்டுக்குள் நிற்கிறது, கரைவலைப் பாடுகள் பாதிக்கப்படுகின்றன, கனிய மணல் அகழ்வு வேறு தீவைச் சுற்றி நிற்கிறது என்பவையே அவர்களது முறைப்பாடுகள். பக்கத்திலேயே 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் இருக்கிறது.

ஓர் அலகுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் மன்னார்க் காற்றாலையும் கடலுக்குள் நிற்கும் காற்றாலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊர்க்காரரிடம் கேட்டுப் போட்டதும் கேட்காமல் போட்டதும் ஒன்றுதான். அளவுகோலின் பிழை அல்ல இது, அதன் எல்லை. அது எவ்வளவு, எப்போது என்று சொல்லும். எங்கே, யாருடைய சம்மதத்தோடு என்பதைச் சொல்ல வேறு விதிகள் தேவை. காலநிலையின் பெயரால் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதே ஆபத்து. இடத்தின் பெயரால் முதலாவது கேள்வியை மறப்பதும் நமக்கு நல்லதல்ல. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் உவர் ஏறுவது இதே மன்னாரிலும் தீவகத்திலும்தான்.

ஊரில் ஒரு திட்டம் வந்தால் கேட்க வேண்டியவை

1. இந்தத் திட்டம் எதற்குப் பதிலாக வருகிறது? புதிய காற்று மின்சாரம் வந்தால் எவ்வளவு நிலக்கரி, டீசல் குறையும், எந்த வருடத்தில்?

2. சொல்லப்படும் எண் எந்த வகை? மொத்த அளவா, செறிவா, பங்கா, அல்லது ஓர் ஊகத்தோடு ஒப்பிட்ட குறைப்பா?

3. காணியின் உரித்து யாருடையது? 1980களிலும் 90களிலும் இடம்பெயர்ந்தவர்களின் உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் பார்க்கப்பட்டனவா? இராணுவமோ அரச திணைக்களமோ வைத்திருக்கும் காணி என்பதால் மட்டும் அது 'வெற்றுக் காணி' ஆகிவிடாது.

4. நடந்தது ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையா, முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடா? முழுமையான மதிப்பீடு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் சட்டப்படி உண்டு. ஆரம்பப் பரிசோதனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மதிப்பீட்டு அறிக்கை தமிழில் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

5. மின்சாரம் எங்கே போகிறது, வருமானத்தில் ஊருக்கு என்ன மிஞ்சுகிறது? கோபுரத்துக்கு அடியில் இருக்கும் வீட்டின் மின்கட்டணத்தில் ஏதாவது மாறுமா?

இந்த விபரங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தர வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

சம்பூரில் சூரியப் படலங்கள் மின்சாரம் தரத் தொடங்கும்போது, முதலாவது கணக்கில் அந்த ஊர் நாட்டுக்கே முன்மாதிரியாகலாம். இரண்டாவது கணக்கு அதோடு முடிந்துவிடாது. 2006இல் ஊரை விட்டு ஓடியவரின் வயல் எந்த வேலிக்குள் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஒரு பதில் கிடைக்கும்வரை அது திறந்தே இருக்கும்.